ரம்மிக்குத் தடை போட்டாச்சு, மருந்து போட ஆள் எங்கே?

2025 ஜூலையில் எங்கள் இரவுப் பாடசாலையில் படித்த தம்பி ஒருவனை ஒரு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். உதவித்தொகைப் பணம், அக்கா கல்யாணத்துக்கு அம்மா போட்டு எடுத்த சீட்டுப் பணம், அதற்கு மேல் மூன்று கடன் செயலிகளில் வாங்கியது, எல்லாம் போயிருந்தது. முதலில் ரம்மி, பிறகு கிரிக்கெட் பந்தயம். தூங்கி எத்தனை நாளாச்சு என்று கேட்டால் பதில் இல்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்: "ஒரு கை ஒழுங்கா விழுந்தா போதும்ணே, எல்லாத்தையும் அடைச்சிருவேன்."

ஆலோசகர் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பதிவேடு. பெயர், வயது, ஊர் எழுதிக்கொண்டார்.

"குடிப்பியாப்பா?"

"இல்லங்க மேடம்."

"கஞ்சா, ஹான்ஸ்?"

"இல்லங்க."

பதிவேட்டில் மதுவுக்கு ஒரு கட்டம், புகையிலைக்கு ஒரு கட்டம், கஞ்சாவுக்கு ஒரு கட்டம் இருந்தது. சூதாட்டத்துக்குக் கட்டம் இல்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு 'மற்றவை' என்ற கட்டத்தில் 'செல்போன்' என்று எழுதினார். அரசாங்கக் கணக்கில் அந்தத் தம்பி செல்போனுக்குச் சிகிச்சை பெற வந்தவன்.

பிறகு அறிவுரை. "போனை அம்மாகிட்ட குடுத்துடு. நல்ல பிள்ளையா இரு. உங்க ஊர்ல எல்லாம் எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறாங்க, நீ இப்படிப் பண்ணலாமா?" அந்த 'உங்க ஊர்' முகவரியைப் படித்த பிறகு வந்தது. படிக்கிற தோழர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மாலை நேரத்தில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன் அவன், போனைக் கொடுத்துவிட்டால் வேலையையும் கொடுத்துவிட வேண்டும். அதைக்கூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டான்.

எனக்கு வந்த கோபத்தில், அன்றே அந்த அம்மாவைப் பற்றி எழுதிக் கிழித்திருப்பேன். எழுதாமல் விட்டதற்குக் காரணம் ஒரு டீக்கடை. நாலு மணிக்கு அங்கே வந்தவர், என்னை அடையாளம் கண்டு அவராகவே பேசினார். "சார், கோபமா இருக்கீங்கன்னு தெரியுது. இந்த விளையாட்டைப் பத்தி எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லித்தரல. ரெண்டு நாள் டிரெய்னிங் குடுத்தாங்க, அது குடியும் புகையிலையும் மட்டும்தான்." அவர் ஒப்பந்த ஊழியர். சமூகப்பணி படித்தவர். அதற்கு முந்தைய மாதம் இதே மாதிரி ஒரு பையன் ஒரு வியாழக்கிழமை அவர் முன்னால் உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் உயிரோடு இல்லை. திங்கள்கிழமை அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரிடம் மேலதிகாரி கேட்ட ஒரே கேள்வி, "நோட்டுல என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

அந்த 'உங்க ஊர்' என்ற சொல்லை நான் மன்னித்துவிடவில்லை. ஆனால் அந்தச் சொல்லையும் அந்தக் கட்டம் இல்லாத பதிவேட்டையும் ஒரே இடம்தான் தயாரிக்கிறது. இந்தப் பதிவு அந்த இடத்தைப் பற்றியது.

சட்டக் கதை பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த முதல் தடையை அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அவசரச் சட்டம், பிறகு சட்டமன்றத்தில் மசோதா. ஆளுநர் அதைக் கிடப்பில் போட்டுத் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சட்டமானது. அந்த ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அந்தப் பட்டியல் செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை விளையாடக் கூடாது என்ற விதிகள். கடைசியாக 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டையும் தடை செய்து சட்டம் போட்டது. அன்று இரவு வாட்ஸப்பில் நம் தோழர்களே பட்டாசு வெடித்தார்கள். "ஒரு பிரச்சனை முடிஞ்சுது."

முடியவில்லை. கடையை மூடினால் கடைக்காரன்தான் போவான். கடைக்குப் போய்ப் பழகிய கால் அங்கேயேதான் இருக்கும்.

இதை நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டோம். 1968இல் தமிழக அரசே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியது. 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. நடுவில் 35 வருடம். என் சிறுவயதில் எங்கள் காலனித் தெருமுனைப் பெட்டிக்கடையில் தோரணமாகத் தொங்கும். ஒருநாள் காணாமல் போனது. சில மாதத்தில் மூணு நம்பர் லாட்டரி துண்டுச்சீட்டில் வந்தது, பிறகு போனில் வந்தது. கூலியில் பாதியை அதில் போட்ட மனிதர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். தடை போட்ட அரசும் சரி, தடை போடச் சொன்ன இயக்கங்களும் சரி, அவர்களில் ஒருவரிடம்கூட ஓர் ஆலோசகரை அனுப்பிப் பேசவில்லை. இப்போதும் அதே பாதை. உள்நாட்டுச் செயலி மூடினால் வெளிநாட்டு சர்வரில் இருந்து லிங்க் வருகிறது, டெலிகிராமில் ஏஜெண்ட் வருகிறான். முன்பாவது ரசீது இருந்தது, இப்போது அதுவும் இல்லை. தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடை வேண்டும். ஆனால் தடையை மட்டும் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிற அரசைப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை.

யாருடைய சூதாட்டம் குற்றம், யாருடையது திறமை என்பதில் ஒரு சாதி இருக்கிறது. கொஞ்சம் நின்று இதைப் பாருங்கள். 1968இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்சநீதிமன்றம் ரம்மி திறமை விளையாட்டு என்றது. 1996இல் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமை என்றது. கிண்டியில் கோட்டு போட்டவர் குதிரையின் மேல் கட்டினால் திறமை. எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் 4 பேர் துண்டை விரித்து மங்காத்தா போட்டால், 1930ஆம் வருட வெள்ளைக்காரன் சட்டத்தில் ஜீப் வரும். சீட்டுக்கட்டும் 120 ரூபாயும் கைப்பற்றப்பட்டதாகச் செய்தி வரும். 2022 சட்டத்திலும் விளையாடியவனுக்கே 3 மாதம் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒன்றியச் சட்டம் ஆடியவனைத் தண்டிக்கவில்லை, அந்த ஒரு விஷயத்தில் அது மேல். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிற தெருவிலிருந்து வருகிற பையன், 'நான் சூதாடுகிறேன், எனக்கு உதவி வேண்டும்' என்று ஓர் அரசு மேசைக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வானா? எதிரே உட்கார்ந்திருப்பவர் எழுதுகிற எழுத்து எங்கே போகும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? ஆலோசகருக்கே தெரியாது. ரகசியம் காப்பது பற்றி முதல் ஐந்து நிமிடத்தில் நோயரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

இது நோய்தானா, கொழுப்பா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுவோம். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் வகைப்பாட்டு நூலில் சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்துக்குக் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பட்டியலிலும் அது உண்டு, அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மனநோய் என்றால் என்ன என்று தீர்மானிப்பதில் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு உள்ளிட்ட அங்கீகரிக்கப்பட்ட தரங்களைப் பின்பற்றச் சொல்கிறது. அதே சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு நடத்துகிற அல்லது நிதி தருகிற மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் சாதியைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று 115ஆவது பிரிவு சொல்கிறது. எனவே, தோழர்களே, நாம் கேட்பது கருணை இல்லை. பதிவேட்டில் ஒரு கட்டம் இல்லாதது அலுவலகக் கவனக்குறைவும் இல்லை. சட்டம் தந்த உரிமை ஒன்று எழுதப்படாமல் விடப்பட்டிருக்கிறது.

வள்ளுவர் 94ஆவது அதிகாரத்தைச் சூதுக்குக் கொடுத்தார். அடுத்த அதிகாரம் மருந்து. மேடையில் 94ஐச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

சரி, மருந்து என்றால் என்ன? அறிவுரை மருந்து இல்லை. சூதாட்ட அடிமைத்தனத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரையும் இல்லை. நால்ட்ரெக்ஸோன் போன்றவற்றைச் சில மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். பலன் தருவதாகத் தெரிந்தது பேச்சுச் சிகிச்சை. அதாவது, பயிற்சி பெற்ற ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து வாரக்கணக்கில் செய்கிற வேலை. இங்கே மருந்தே அந்த ஆலோசகர்தான். அவருக்குப் பயிற்சி தராமல் விடுவதும், ஆஸ்பத்திரியில் காலாவதியான ஊசியை வைத்திருப்பதும் ஒன்று.

அந்தப் பயிற்சியில் என்ன இருக்க வேண்டும் என்பதை நான் கடந்த சில மாதங்களாகப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். குடிக்கு அடிமையானவரைப் பார்த்துப் பழகியவர் சூதுக்கு அடிமையானவரிடம் முதலில் தோற்பது, இதற்கு வாசனை இல்லை என்பதால். கண் சிவக்காது, கால் தள்ளாடாது. வீட்டுக்குத் தெரியவரும்போது பெரும்பாலும் பணம் எல்லாம் போயிருக்கும், பிறகு எல்லாம் ஒரே நாளில் உடையும். அந்த உடைகிற நாள்தான் உயிருக்கு ஆபத்தான நாள். கடன் வெளியே தெரிந்துவிட்ட பையனிடம் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராக, கூசாமல் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடும் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கேட்டால்தான் சொல்வான். எப்படிக் கேட்பது என்பதை யாராவது சொல்லித்தர வேண்டும், ஒருவரை ஒருவர் எதிரே உட்கார வைத்துப் பத்து முறை பேசிப் பழக வேண்டும்.

அடுத்தது, இழந்ததைத் துரத்துவது. "ஒரு கை விழுந்தா அடைச்சிருவேன்" என்று தம்பி சொன்னானே, அதைப் பேராசை என்று கேட்கிறவர் பயிற்சி இல்லாதவர். பயிற்சி உள்ளவருக்கு அது நோயின் குறி, காய்ச்சலுக்கு உடம்பு சுடுவதுபோல. ஒரே சீட்டில் போன ஆட்டம் தோல்வியாக மனசில் பதியாது, கிட்டத்தட்ட ஜெயித்ததாகப் பதியும். எப்போது ஜெயிப்போம் என்று தெரியாமல் எப்போதாவது ஜெயிக்கிற ஆட்டத்தைத்தான் விடுவது கடினம். தாய விளையாட்டு ஆடிய எவருக்கும் இது புரியும். அந்தச் செயலிகளை வடிவமைத்தவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். 'உன் புத்தி எங்கே போச்சு' என்று கேட்பதற்குப் பதில், அந்த ஆட்டத்தின் கணக்கை அவனோடு சேர்ந்து காகிதத்தில் போட்டுப் பார்க்கிற முறை இருக்கிறது. ஊக்கப்படுத்தும் உரையாடல் என்று மில்லரும் ரோல்னிக்கும் வளர்த்த முறை இருக்கிறது, விட வேண்டும் என்ற காரணத்தை ஆலோசகர் சொல்லாமல் வந்தவர் வாயிலிருந்தே வரவழைப்பது. கேட்க எளிது. வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழக மாதங்கள் ஆகும்.

ஒரு சின்ன விஷயம், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கை நடுக்க நோய்க்குத் தருகிற சில மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்ட வெறியைக் கிளப்பிவிடும். அறுபது வயதுப் பெரியவர் திடீரென்று லாட்டரியில் இறங்கினால், அவர் சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். இது தெரிந்த ஆலோசகர் அவரை மருத்துவரிடம் அனுப்புவார். தெரியாதவர் 'இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு' என்று மானத்தை வாங்குவார்.

உலகம் முழுவதும் பயன்படுத்துகிற கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது, கனடாவில் செய்தது. ஒன்பது கேள்வி, எட்டு மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தால் தீவிரம். அதில் ஒன்று, சூதாடக் கடன் வாங்கினாயா அல்லது எதையாவது விற்றாயா என்பது. நம் தெருக்களில் இதை அப்படியே கேட்டால் என்ன ஆகும்? கடன் இல்லாத வீடு எது? பையன் வாங்கிய கடனில் எது விதைக்கு, எது ஆஸ்பத்திரிக்கு, எது ரம்மிக்கு என்று பிரிக்க அவனுக்கே தெரியாது. கேள்வித்தாளைத் தமிழில் பெயர்த்தால் போதாது, காலனிக்குள் கொண்டுவந்து சோதிக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் காலனியில்தான் இருக்கிறார்கள்.

கடனைத் தொடாத ஆலோசனை பாதி ஆலோசனைகூட இல்லை. அம்மா சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்து மகன் கடனை மொத்தமாக அடைத்துவிடுவார். பாசம். அடுத்த மாதம் அவன் மறுபடி ஆடுவான், ஏனென்றால் கணக்கு பூஜ்யமாகிவிட்டது. மொத்தமாக அடைக்காதீர்கள், பட்டியல் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக, அவன் கையாலேயே அடையுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்ல ஆள் வேண்டும். அதே நேரம், மனைவியையோ அம்மாவையோ காவல்காரியாக்கி 'நீதான் பார்த்துக்கணும்' என்று அனுப்புவதும் அநியாயம். கந்துவட்டிக்கு எதிராக 2003 சட்டம் இருக்கிறது, மிரட்டிக் கடன் வசூலிப்பதற்கு எதிராக 2025இல் தமிழ்நாடு தனிச்சட்டம் போட்டிருக்கிறது. கடன் செயலிக்காரன் படத்தை மார்ஃபிங் செய்து அனுப்பினால் 1930க்கு அழைக்கலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. ஓர் ஆலோசகரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்க வேண்டிய நாலு வரி இது. நான் பார்த்த மேசையில் சாமி படமும் தடுப்பூசி அட்டவணையும்தான் இருந்தன.

இனி, யாரும் எந்தப் பாடத்திட்டத்திலும் வைக்காத விஷயம். ஒருநாள் அந்தத் தம்பியிடம், இதில் உனக்கு எதுடா பிடிச்சது என்று கேட்டேன். பணம் என்று சொல்வான் என்று நினைத்தேன். "அண்ணே, அங்க என் பேர் கிங் ஏதோ நம்பர். யாரும் ஊர் கேக்கல. எதிர்ல ஆறு பேர் தோத்துப்போய் எழுந்து போவான். அவன்ல யாரு யாருன்னு எனக்கும் தெரியாது, அவனுக்கும் என்னத் தெரியாது." கல்லூரி விடுதியில் தட்டைத் தனியாக வைக்கச் சொன்னவர்களோடு படிக்கிற பையன் இப்படிச் சொல்கிறான். முகவரி கேட்காத ஒரு மேசையில் உட்கார்ந்து பார்த்த ருசி அது. அந்த மேசையும் ஏமாற்றுதான், அவனைச் சுரண்டத்தான் போட்டது. ஆனால் அந்த ருசியைக் காது கொடுத்துக் கேட்காத ஆலோசகர், அவன் எதை விட வேண்டும் என்று கேட்கிறோம் என்பதையே அறியாதவர். வேறு எந்த மேசையில் அவன் நிமிர்ந்து உட்கார முடியும் என்ற கேள்வி சிகிச்சைக்குள் வர வேண்டும். அங்கே போய் 'உங்க ஊர்' என்று ஒரு சொல்லைப் போட்டால், அடுத்த வாரம் அவன் வரமாட்டான். வரவும் இல்லை. மூன்று முறை நான் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

சாதி பற்றிய பயிற்சி என்றால் 'எல்லாரும் சமம்' என்ற ஒரு மணி நேர வகுப்பு இல்லை. ஆலோசகர் தன் சொந்தச் சாதி தன் வாயில் எப்படி வருகிறது என்று கேட்டுப் பழகும் பயிற்சி. 'ஒழுக்கம்', 'நல்ல குடும்பம்', 'உங்க ஆளுங்க' என்ற சொற்கள் தன் பேச்சில் எந்த நேரத்தில் விழுகின்றன என்று, அனுமதி பெற்ற ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க வேண்டும். வலிக்கும். வலிக்கட்டும்.

நம் பிள்ளைகளே ஆலோசகர்களாக வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். வர வேண்டும், அதற்கு எனக்கு இரண்டு கருத்து இல்லை. மருத்துவ உளவியலில் பதிவு பெற மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பு வேண்டும், இடங்கள் கொஞ்சம், நுழைவுக்கு ஆங்கிலம். அந்தக் கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கதவு பூட்டியிருப்பதால் பக்கத்திலேயே ஞாயிற்றுக்கிழமை டிப்ளமோ கடைகள் முளைத்திருக்கின்றன, நம் பிள்ளைகள் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கி ஏமாறுகிறார்கள். அதை மீறி வேலைக்கு வருகிறவர்களின் நிலை என்ன? எனக்குத் தெரிந்த ஒரு தங்கை தன் காலனிக்குள்ளேயே இந்த வேலை பார்க்கிறாள். சித்தப்பா மகன், எதிர்வீட்டு அண்ணன், எல்லாரும் அவளிடம்தான் வருகிறார்கள். ராத்திரி 11 மணிக்குக் கதவைத் தட்டுகிறார்கள். கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது, சொந்த அம்மாவிடம்கூட. கடையில் அந்த அண்ணனைப் பார்த்தால் தெரியாததுபோல் சிரிக்க வேண்டும். அவளுடைய அப்பாவும் சீட்டாட்டத்தில் நிலத்தை விட்டவர். ஒவ்வொரு கதையும் அவள் வீட்டுக் கதை. "அண்ணா, நான் அவங்களுக்குச் சொல்றேனா, எங்கப்பாவுக்குச் சொல்றேனான்னே தெரியல" என்றாள். அவளை அந்த இடத்தில் தனியாக நிறுத்திவிட்டு, சமூகநீதி கிடைத்துவிட்டது என்று போட்டோ எடுக்கிறோம்.

இதற்குத் துறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாரம் ஒருமுறையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ, அனுபவமுள்ள ஒருவர் ஆலோசகரோடு உட்கார்ந்து அவர் பார்த்தவர்களைப் பற்றிப் பேசுவது. எங்கே சிக்கிக்கொண்டாய், எது உன்னைத் தூங்கவிடவில்லை, எது உன்னுடைய வலி, எது அவனுடைய வலி என்று பிரித்துத் தருவது. இதை மேற்பார்வை என்று மொழிபெயர்க்கிறார்கள். மேற்பார்வை என்றால் நமக்குக் கம்பு வைத்த மேஸ்திரிதான் ஞாபகம் வருவான், அதிகாரிகளுக்கும் அப்படித்தான் வருகிறது போல. அதனால்தான் 'நோட்டுல என்ன எழுதி வச்சிருக்கீங்க' என்று கேட்கிறார்கள். நான் இதைத் துணையிருப்பு என்று சொல்ல விரும்புகிறேன். தன்னிடம் வந்த ஒருவர் இறந்துவிட்டால் அந்த ஆலோசகருக்கு விடுப்பு வேண்டும், பேச ஆள் வேண்டும், அவர்மேல் பழி விழாது என்ற எழுத்துப்பூர்வ உறுதி வேண்டும். ஒப்பந்த வேலையில், மாதம் பிறந்தால் சம்பளம் வருமா என்று தெரியாத ஒருவரிடம், கடனில் மூழ்கியவனுக்கு நம்பிக்கை கொடு என்று சொல்வது எவ்வளவு பெரிய கேலி!

பணம் இல்லை என்பார்கள். 2023 அக்டோபர் 1 முதல் இதே இணைய விளையாட்டுகளில் கட்டிய தொகை முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். தம்பி 100 ரூபாய் கட்டினால் அதிலும் அரசுக்குப் பங்கு போயிற்று. அதில் ஒரு பைசாவைச் சிகிச்சைக்கென்று ஒதுக்க வேண்டும் என்று அந்த வரி விதியில் எங்கும் இல்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் சூதாட்ட நிறுவனங்கள்மேல் கட்டாயத் தீர்வை போட்டு, அதில் பாதியைச் சிகிச்சைக்கென்றே ஒதுக்குகிறார்கள். சிங்கப்பூர் காசினோவுக்கு அனுமதி கொடுக்க முடிவு செய்த 2005லேயே சூதாட்டப் பாதிப்புக்கான தேசிய மன்றத்தை அமைத்தது, காசினோ திறந்தது 2010இல். அவர்கள் ஒன்றும் புனிதர்கள் இல்லை, சூதாட்டத்தில் சம்பாதிக்கிறவர்கள்தான். ஆனால் சம்பாதித்த பணத்தில் ஆம்புலன்ஸுக்கு எடுத்து வைத்தார்கள். இங்கே போதை மறுவாழ்வு மையங்களுக்கு நிதி தருவது ஒன்றியச் சமூகநீதி அமைச்சகம், நம் பிள்ளைகளின் உதவித்தொகையைக் கையாளும் அதே அமைச்சகம். அதன் திட்டம் போதைப்பொருள் என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்று 2014லிருந்தே ஒரு சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. அதாவது நாட்டில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தது திண்டிவனத்துக்கும் திட்டக்குடிக்கும் வந்து சேரவில்லை.

நம் பக்கத்திலிருந்து வரும் குரலுக்கும் பதில் சொல்லாமல் போக முடியாது. போன மாதம் ஒரு கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் எழுந்து, "ஆணவக்கொலைக்கு நீதி கேட்க ஆள் இல்ல, நீ கவுன்சிலிங் கேக்குறியா? அதெல்லாம் நடுத்தர வர்க்கத்து வியாதி" என்றார். கைதட்டலும் விழுந்தது. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, பஞ்சமி நிலத்துக்காக அடி வாங்கியவர். ஆனால் இந்த இடத்தில் அவர் தவறு. அவர் மீட்டுக் கொடுத்த நிலத்தில் ஒரு துண்டு போன வருடம் கைமாறியது எதற்கு என்று விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைதட்டியவர்களில் இரண்டு பேர் கூட்டம் முடிந்ததும் தனித்தனியாக என்னிடம் வந்து, அந்த மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார்கள்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் மாவட்ட மனநலத் திட்டத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்விகள் இவை: இந்த மாவட்டத்தில் எத்தனை ஆலோசகர்கள் பணியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஒப்பந்தம்? அவர்களில் சூதாட்டக் கோளாறுக்குப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், எத்தனை நாள் பயிற்சி? நோயாளிப் பதிவேட்டில் சூதாட்டத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறதா, இருந்தால் கடந்த 12 மாத எண்ணிக்கை என்ன? ஆலோசகர்களுக்கான துணையிருப்புக் கூட்டம் எத்தனை நடந்தது? நோயாளிகளின் பெயரோ விவரமோ கேட்காதீர்கள், அது அவர்களுடையது.

உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ இன்றைக்கே பேச வேண்டும் என்றால் 14416 டெலி மானஸ், அல்லது 104. எடுப்பவருக்குச் சூதாட்டம் பற்றித் தெரியாமல் இருக்கலாம், ஆனால் எடுப்பார். தனியாக இருக்காதீர்கள்.

எங்கள் மாவட்டத்துக்கான மனுவை அந்த டீக்கடையில் உட்கார்ந்துதான் எழுதினேன். மூன்றாவது கேள்வியை அந்த அம்மாதான் திருத்திக் கொடுத்தார். தம்பி இப்போது அவரிடமே போகிறான், போன வாரம் ஐந்தாவது முறை. பதிவேட்டில் இன்னும் 'செல்போன்' என்றுதான் இருக்கிறது.